பதினோராம் பக்கத்தில் ஒரு போன்

– கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேம்ப்பா. நீயே வாயால சொல்லிடு, என்ன எழுதியிருக்கே?

– மறக்கலைண்ணே. சட்டைப் பையிலேர்ந்து எட்டிப் பாத்துக்கிட்டிருக்கு.

– இதுவா? இது தூரத்துக் கண்ணாடி. ரோடு பாக்கறதுக்கு.

– அப்போ தாளைத் தூரமா வெச்சுப் படிங்க. பதினோராம் பக்கம் மட்டும்தான். விழா மலர் மத்தியானம் அச்சுக்குப் போகுது. உங்களைப் பத்தி எழுதினதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும், இல்லாட்டி ஆட்சேபணை சொல்லணும். முறைப்படி.

– மீசை, உனக்கு மீசை போனாலும் அந்த ‘முறைப்படி’ போகலை பாத்தியா. எப்ப எடுத்தே அதை?

– நரைச்சப்போ எடுத்தேன். பத்து வருஷம் ஆச்சு.

– இனிமே உன்னை என்னன்னு கூப்பிடுறது? வேற பேரு வெச்சாலும் வாயில வராது.

– மீசைன்னே கூப்பிடுங்க. பேச்சை மட்டும் மாத்தாதீங்க.

– மாத்தலைப்பா, சொல்றேன் கேளு. த்ரீ ஜி நெட்வொர்க்கை மூடுறோம், அதுக்கு விதி எழுதின காலத்து ஆளு நீங்க, உங்க கையால நிறுத்தி வைங்கன்னு கடுதாசி போட்டீங்க. நான் என்ன நினைச்சேன்? பெரிய கைப்பிடி ஒண்ணு இருக்கும், ரிப்பன் கட்டியிருக்கும், நான் இழுப்பேன், விளக்கெல்லாம் வரிசையா அணையும்னு. இங்க என்னடான்னா குளிரு எலும்பைத் தின்னுது. இரும்பு அலமாரி பன்னண்டு, ஒரு மேசை, ஒரு கீபோர்டு.

– எண்டர் தட்டுறதுதான். சரியா பன்னண்டு மணிக்கு. இப்போ பதினொண்ணு இருபது.

– எண்டர் தட்ட என்னை எதுக்குக் கூப்பிட்டே? உன் வீட்டுப் பூனை நடந்து போனாலே தட்டிடுமே. சரி, அந்தத் திரையில ஓடுற நம்பர் என்ன?

– இன்னும் த்ரீ ஜி-யைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கிறதுங்க. நாலாயிரத்துச் சொச்சம். முக்கால்வாசி மனுஷங்களே இல்ல. லிஃப்ட்டுக்குள்ள இருக்கிற அபாய மணி, கரண்டு மீட்டர், லாரி எங்க இருக்குன்னு சொல்ற, எவனோ கழட்ட மறந்த பெட்டி.

– கீழே அந்த சைபர்?

– வீடியோ கால். நம்ம சரக்கு.

– சைபரா!

– எப்பவும் சைபர்தான். வாரத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒண்ணுன்னு ஏறும். எப்பவும் அதே ரெண்டு நம்பர்தான். ஒண்ணையொண்ணு கூப்பிடும், பத்து நிமிஷம் ஓடும், மறுபடி சைபர். யாருதுன்னு தோண்டிப் பாக்கக் கூடாது, முறை இல்ல. எங்கேயோ ரெண்டு மிஷினைப் போட்டுட்டு மறந்துட்டாங்க, அதுங்க பாட்டுக்கு நலம் விசாரிச்சுக்குதுன்னு நாங்க சிரிச்சுக்குவோம்.

– இன்னிக்குப் புதன்தானே?

– ஆமா. இன்னியோட அதுங்களுக்கும் ஓய்வு.

– ரெண்டு மிஷின்! அடப்பாவி. அஞ்சு வருஷத்துல ரெண்டு போன் காலுக்கு ஒண்ணு முகம் பாத்துப் பேசுறதா இருக்கும்னு சந்தை அறிக்கை சொல்லிச்சே. அந்தப் படம் ஞாபகம் இருக்கா? கோடு ஒண்ணு படுத்துக்கிட்டே போயி, திடீர்னு எழுந்து கூரையை முட்டும்.

– அந்தப் படத்தை நீங்க பர்ஸ்ல மடிச்சு வெச்சிருந்தீங்க. அண்ணி போட்டோ இருந்த இடத்துல.

– எங்க அப்பா கடையில, ‘அடுத்த மாசம் இது எகிறப் போகுது’ன்னு சொல்லிக்கிட்டு வர்ற தரகனுக்கு நாற்காலி கூடப் போட மாட்டாரு. அவரு பிள்ளை நான், பளபளன்னு அட்டை போட்டு அச்சடிச்சிருந்ததும் நம்பிட்டேன்.

– ஜனங்க த்ரீ ஜி-யை வாங்கத்தான் செஞ்சாங்க. பாட்டு இறக்கினாங்க, மெயில் பாத்தாங்க. முகத்தை மட்டும் காட்டலை.

– தலை வாராம உக்காந்திருக்கிறவன் எவன்ப்பா முகத்தைக் காட்டுவான்? அறிக்கை எழுதினவன் காலையில எழுந்து கண்ணாடியே பாத்ததில்ல போல.

– காட்டினவங்க இருந்தாங்கண்ணே. காது கேக்காதவங்க. அவங்களுக்கு முகமும் கையும்தானே பேச்சு.

– ம். ஆமா.

– எங்க அக்கா.

– எப்படி இருக்கா?

– இருக்கா. பதினோராம் பக்கத்தைப் படிங்க.

– படிக்கிறேன், படிக்கிறேன். உங்க அண்ணி மேல வரட்டும்.

– அண்ணியுமா வந்திருக்காங்க?

– நானும் வருவேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. கீழே வாசல்ல காவலாளி அவ கைப்பையைக் கொட்டிச் சோதிச்சுக்கிட்டிருக்கான். ரெண்டு போன் எதுக்கும்மான்னு கேக்குறான். அவகிட்ட ஏது ரெண்டு போனு? கண்ணாடிக் கூட்டைப் போன்னு நினைச்சிருப்பான். ஏன்ப்பா, மூஞ்சி சுருங்குது?

– ஒண்ணுமில்ல. அவங்களைப் பாத்து இருபது வருஷம் ஆச்சு.

– நீதான் வரலை. ஞாயித்துக்கிழமை தவறாம அக்காவையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தவன். அவங்க ரெண்டு பேரும் கையாலயே வம்பளப்பாங்க, நம்ம ரெண்டு பேரையும் கேலி பண்றாங்கன்னு மட்டும் நமக்குத் தெரியும்.

– எப்படிண்ணே வருவேன்? அண்ணி முகத்தைப் பாத்தா அந்தப் போன்தான் ஞாபகம் வரும்.

– அட, விடுப்பா அதை.

– விடணும்னுதான் எழுதியிருக்கேன். நாலு வருஷம்ணே. நாலு வருஷம் உக்காந்து அந்த விதியை எழுதினேன். சிக்னல் குறைஞ்சா படம் மங்கட்டும், நிறம் போகட்டும், ஆனா அசைவு மட்டும் விட்டு விட்டு வரக் கூடாது. கை அசைஞ்சது அசைஞ்ச மாதிரியே அந்தப் பக்கம் தெரியணும். அவ்வளவுதான் விதி. ‘கட்டாயம்’னு ஒரு வார்த்தை அதுல நின்னிருந்தா, உலகத்துல எவன் த்ரீ ஜி போன் செஞ்சாலும் அதை வெச்சே ஆகணும். எல்லாக் கம்பெனியும் உக்காந்து விதி பண்ற குழுவுல அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு ‘விருப்பம்’னு போட்டாங்க.

– விருப்பம்னா எவன் வைப்பான்?

– ஒருத்தனும் வைக்கலை. எங்க வீட்ல சிக்னல் ரெண்டு கோடு. அக்கா விரலை மடக்கினா, அந்தப் பக்கம் வெறும் மேகம் தெரியும். நாலு கோடு கிடைக்கிற இடம் ரெண்டு தெரு தள்ளி, பஸ் ஸ்டாப்புல. அங்க போயி நின்னு பேசுவா. மழையோ வெயிலோ. ஒன்பது வருஷம். பஸ்ஸுக்கு நிக்கிறான்னு நினைச்சு டிரைவருங்க நிறுத்துவாங்களாம். அவ ‘நீ போ’ன்னு கை காட்டுவா. அப்புறம் அவங்களே கையை ஆட்டிட்டு நிறுத்தாம போக ஆரம்பிச்சுட்டாங்க.

– யாரோட பேசுவா?

– பள்ளிக்கூடத் தோழியாம். கல்யாணமாகி வேற ஊருக்குப் போனவளாம். நான் பாத்ததில்ல. போனைக்கூட அவதான் அனுப்பி வெச்சா.

– இப்போ? இப்போதான் எல்லாப் போன்லயும் படம் நல்லா வருதே?

– வருது. புதுசு வாங்கிக் குடுத்திருக்கேன். வீட்டுக்குள்ளேயே கண்ணாடி மாதிரி தெரியுது. ஆனா கையில வாதம். விரல் மடங்க மாட்டேங்குது. படம் தெளிஞ்ச நேரம் பாத்துக் கை குழற ஆரம்பிச்சிடுச்சு. இன்னமும் எப்பவாவது அந்த பஸ் ஸ்டாப்புல போயி உக்காந்துட்டு வரா. பழக்கம்.

– என்கிட்டக்கூட கம்பெனி குடுத்த சாம்பிள் போன் ஜோடியா ரெண்டு இருந்துச்சு. செங்கல் கனம். இன்னிக்குக் காட்சிக்கு வெச்சிருக்கலாம். வீடு மாத்துறப்போ சாமான் ஏத்த வந்தவன் எவனோ சுருட்டிட்டான்.

– இந்தக் குளிர்ல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? செத்தவங்களை வைக்கிற இடம் மாதிரி இருக்கு.

– வா வா. இந்தா, யாருன்னு பாரு.

– தம்பி! மீசையை என்ன பண்ணீங்க?

– வாங்க அண்ணி. நரைச்சுப் போச்சு, எடுத்துட்டேன்.

– நரைச்சா என்ன, இவருக்குந்தான் தலை முழுக்க நரைச்சிருக்கு. தலையை எடுத்துட்டாரா? அக்கா கை எப்படி இருக்கு?

– பரவால்ல... கையில வலின்னு உங்களுக்கு யாரு சொன்னா?

– இந்த வயசுல கையும் காலும்தானே முதல்ல மக்கர் பண்ணும். எனக்கு முட்டி. சரி, ஏன் தம்பி வீட்டுப் பக்கமே வரலை? இருபது வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா நாலு தட்டை எடுத்துட்டு, ரெண்டை உள்ள வைக்கிறேன்.

– அதை நான் வாயால சொல்றதைவிட, நீங்க படிச்சிடுங்க அண்ணி. பதினோராம் பக்கம். அண்ணன்கிட்ட ரோட்டுக் கண்ணாடிதான் இருக்காம்.

– வேணாம்மா, அது பழைய குப்பை. நீ முதல்ல உக்காரு.

– குடுங்க இப்படி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ‘நம் நிறுவனம் முன்வைத்த சைகைமொழி விதி அன்று காலை குழுவின் முன் வந்தது. அதைக் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்று மாற்றலாம் என ஒரு போட்டி நிறுவனம் திருத்தம் கொடுத்தது. அந்தக் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. தலைவர் ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, மூன்று விநாடி அரங்கைச் சுற்றிப் பார்ப்பார். மௌனம் என்றால் சம்மதம், சுத்தியல் விழும்.’ இப்படியா ஊருக்கு விதி பண்ணீங்க? நல்லா இருக்கு.

– மிச்சத்தையும் படிங்க அண்ணி.

– ‘அந்த மூன்று விநாடியில் நம் பிரதிநிதி அரங்கில் இல்லை. வீட்டில் குழாய் உடைந்து சமையலறையில் வெள்ளம் என்று மனைவி அழைத்திருந்தார். தாழ்வாரத்தில் நின்று, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே சுத்தியல் விழுந்தது. ஒரு குழாயை அடைத்தோம், ஒரு விதி ஒழுகிப் போனது.’

– கோபத்தை எல்லாம் எடுத்துட்டுச் சிரிப்பா எழுதினேன் அண்ணி. உங்க பேரு போடலை. இருபது வருஷம் உங்கமேல மனசுல வெச்சிருந்தேன், தப்புதான். குழாய் உடைஞ்சா நீங்க புருஷனைக் கூப்பிடாம யாரைக் கூப்பிடுவீங்க? நெட்வொர்க்கோட சேத்து அதையும் இன்னிக்கு அணைச்சிடலாம்னு நினைச்சேன்.

– குழாயா. ம்.

– பன்னண்டு ஆகப் போகுது மீசை, நாம எண்டரைப் பாப்போமா?

– பதினொண்ணு முப்பத்தெட்டுண்ணே. அண்ணி, எழுதினதுல தப்பு ஏதாவது இருக்கா? என்ன குழாய்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.

– எனக்கு எதுக்கு தம்பி ஞாபகம்? உங்க அண்ணன் சொல்லியிருக்காருன்னா சரியாத்தான் இருக்கும். அவரு பொய்யா சொல்லப் போறாரு? ஏங்க, அப்படித்தானே?

– ம்.

– ‘ம்’னா? வாயைத் திறந்து சொல்லுங்க. அச்சுக்குப் போகுதாம்.

– சமையலறைக் குழாய். தொட்டி... தொட்டிக்குக் கீழே இருக்குமே, அது.

– சரி, தொட்டிக்குக் கீழேன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிறேன். இப்போ முறைப்படி கேட்டுடுறேன்ணே. பதினோராம் பக்கம், திருத்தத்தோட. ஆட்சேபணை உண்டா?

– ...

– அண்ணி?

– என்கிட்டக் கேக்காதீங்க தம்பி. நான் அந்தக் குழுவுல உறுப்பினர் இல்லையே.

– அண்ணே?

– ...

– அப்போ ஆட்சேபணை இல்லைன்னு...

– இருக்கு.

– என்ன?

– ஆட்சேபணை. இருக்கு. எழுதாதே அதை.

– எதை, தொட்டியையா?

– எல்லாத்தையும். குழாயும் உடையலை, தொட்டியும் இல்ல. இவ போனே பண்ணலை.

– அப்போ நீங்க வெளிய எதுக்குப் போனீங்க?

– போகலைப்பா. உள்ளதான் இருந்தேன். முதல் வரிசை. தலைவர் சுத்தி எல்லாம் பாக்கலை. அது யாரு விதின்னு அவருக்குத் தெரியும். மூணு விநாடியும் என்னைத்தான் பாத்தாரு.

– நீங்க என்ன பண்ணீங்க?

– நான் தண்ணி பாட்டிலோட மூடியைத் திருகிக்கிட்டிருந்தேன்.

– ஏண்ணே?

– காபி இடைவேளையில அந்தப் போட்டிக்காரன் பக்கத்துல வந்து நின்னான். ‘உன் அறிக்கைப்படி எல்லாப் போன்லயும் நல்ல வீடியோ தானா வரப் போகுது, கட்டாயம் எதுக்கு? சந்தையே கட்டாயப்படுத்திடும். நீ இதுல வாயைத் திறக்காதே, மத்தியானம் உங்க கம்பெனி பேட்டரி விதி வர்றப்போ நான் வாயைத் திறக்க மாட்டேன்’னான். எனக்கு ரத்தத்துலயே பேரம்ப்பா. எப்படியும் தானா வரப் போற சரக்கை விட்டுக் குடுத்து, வராத ஒண்ணை வாங்குறேன்னு நினைச்சேன். கைகூடக் குடுத்தேன். அன்னிக்குப் பூரா, என்னை மாதிரி கெட்டிக்காரன் அந்த அரங்கத்துலயே இல்லைன்னு இருந்தேன்.

– அந்தப் பேட்டரி விதி...

– அடுத்த பதிப்புல அதையும் தூக்கிட்டாங்க. கேவலம், பதினெட்டு மாசம் நின்னுச்சு. கோடும் எழுந்திருக்கலை, கூரையையும் முட்டலை.

– நீங்க கூட்டம் முடிஞ்சு திரும்பினப்போ ஏர்போர்ட்டுக்கு நான் வந்திருந்தேன்.

– அதான்ப்பா. அதான் என்னைக் கவுத்துச்சு. நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட நிக்கிறே, பக்கத்துல உங்க அக்கா. என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் தூக்கி என்னன்னு கேட்டா. அவ கேட்டது எனக்கே புரிஞ்சுச்சு. உண்மையைச் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். வந்தது இவ பேரும் குழாயும்.

– எங்க அக்காகிட்ட நான் சொன்னேன்ணே. ‘அவங்க வீட்டுக்கு இனிமே போகாதே, அந்தம்மா போனாலதான் எல்லாம் போச்சு’ன்னு. என் கையால சொன்னேன்.

– எனக்குத் தெரியும் தம்பி.

– என்ன தெரியும் அண்ணி?

– அதே வாரம் அவளே கடைத்தெருவுல என்னைப் பிடிச்சு நிறுத்திக் கேட்டா. நீ போன் பண்ணியான்னு. இல்லைன்னேன். என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தா. சரின்னுட்டா. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அதைப் பத்திக் கேக்கவே இல்ல.

– இரும்மா. அப்போ உனக்கு... இருபது வருஷமாவா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?

– நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். உங்க தலைவர் மாதிரிதான், உங்களையே பாத்துக்கிட்டு. என்ன, எனக்கு மூணு விநாடி கொஞ்சம் நீண்டு போச்சு.

– என்னை நாலு திட்டாவது திட்டியிருக்கலாமே.

– திட்டியிருந்தா கணக்குத் தீந்துச்சுன்னு எழுந்து போயி காபி குடிச்சிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

– மீசை, நீயாவது ஏதாவது சொல்லேன்ப்பா.

– என்னத்தைச் சொல்லண்ணே? விதி போனது போகட்டும், எத்தனையோ விதி போயிருக்கு. ஞாயித்துக்கிழமையை எல்லாம் யாரு குடுப்பா? அக்காவுக்கு எங்க வீட்ல என்னை விட்டா பேச ஆள் கிடையாது. அண்ணி ஒருத்திதான் கத்துக்கிட்டுப் பேசினவங்க. அந்த ஒருத்தியையும் நான்தான் இல்லாம பண்ணேன். பாவம், யாரோ பள்ளிக்கூடத் தோழியாவது இருந்தாளே...

– தம்பி, அந்தத் திரையில என்னமோ மாறுது பாருங்க.

– எங்க? ஆமா. சைபர் ஒண்ணாச்சு. பதினொண்ணு நாப்பத்தஞ்சு. அந்த ரெண்டு மிஷினு, கடைசித் தடவையா... அண்ணி, உங்க பைக்குள்ள என்னமோ உறுமுது.

– ஏம்மா. இது... இது என் சாம்பிள் போன் இல்ல?

– உங்களுதுதான். இதோட ஜோடியை அந்த வருஷமே குடுத்துட்டேன். கொஞ்சம் தள்ளுங்க, சன்னல் வெளிச்சத்துல நின்னாத்தான் என் கை அவளுக்குத் தெரியும். தம்பி, பன்னண்டு அடிக்கிற வரைக்கும் அந்த எண்டரைத் தொடாதீங்க. உங்க அக்கா பஸ் ஸ்டாப்புல நிக்கிறா.